மாடு இறங்கும் துறை

“டென்ட்டு, பாத்ரூமு, சாப்பாடு எல்லாம் இருக்கட்டும்ங்க. உங்க ஏரியில மாடு எறங்குதா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

கஸ்தூரி போனில் இப்படிக் கேட்டதும், உள்ளே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சகாதேவன் பேப்பரை மடியில் போட்டுவிட்டான். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிற கேம்ப்புக்கு விசாரிக்கிறவர்கள் என்ன கேட்பார்கள்? கரண்ட் இருக்கா, கொசு ஜாஸ்தியா, பாம்பு கீம்பு வருமா, படகு விடுவீர்களா, இதைத்தானே கேட்பார்கள்? இவள் மாட்டைக் கேட்கிறாள்! அந்தப் பக்கம் போனை எடுத்த ஆளும் திணறிப் போயிருக்க வேண்டும்.

“மாடா? சேச்சே, அதெல்லாம் கெடையாது மேடம். சுத்திக் கம்பி வேலி போட்டிருக்கோம். நீட்டா இருக்கும்.”

“அப்படிங்களா. சரி, வச்சிடறேன்.” போனை வைத்த கஸ்தூரி, பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த மகளிடம், “இதையும் அடிச்சிடு” என்றாள்.

“அம்மா, இது அஞ்சாவது கேம்ப்பு. இதுல போட்டிங் இருக்குது, கேம்ப் ஃபயர் இருக்குது.” தென்றலுக்குப் பதினொரு வயது. ஏழாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். நோட்டில் கோடு போட்டு, கேம்ப்பின் பெயர், ஊர், வாடகை, மாடு என்று நான்கு கட்டம் கட்டி வைத்திருந்தாள். மாடு என்ற கட்டத்தில் ஐந்து இடத்திலும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது.

“மாடு இல்லல்ல? அடி.”

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற வீடு அது. கஸ்தூரிக்கு மூன்று கறவை மாடுகள். விடிவதற்குள் கறந்து, ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்கும் காபிக் கடைகளுக்கும் ஸ்கூட்டியில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். போகிற இடத்திலும் பால் வியாபாரம் பண்ணப் பார்க்கிறாளோ என்று சகாதேவனுக்குச் சந்தேகம். கேட்டும் விட்டான்.

“ஏண்டி, டூர் போற எடத்துல மாடு வாங்கிக் கட்டப் போறியா?”

“ஆமா, ரெண்டு வாங்கி உங்க நாக்காலியில கட்டி வைக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நம்பரைத் தேடினாள். அவளுடைய பேச்சு எப்போதும் இப்படித்தான். கேட்டதற்குப் பதில் இருக்காது, ஆனால் கேட்டவன் வாய் அடைத்துப் போகும்.

இந்தப் பயணப் பேச்சு எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சகாதேவன் செங்கம் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதியின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறியபோது ஏணி சறுக்கிக் கீழே விழுந்தான். வேலூரில் நான்கு மாதம் படுத்துக் கிடந்து, உயிர் பிழைத்து வந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு மட்டும் திரும்பவே இல்லை.

மனுஷன் இடிந்து போய் உட்கார்ந்துவிடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் இருந்தபடியே ஃபேன், மிக்ஸி என்று வருவதைப் பார்த்துக் கொடுக்கிறான். அவனால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். யாராவது அவனைத் தூக்கினால் ஆகாது. போன ஆவணியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டபம் மாடியில். நான்கு பேர் நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். மேளக்காரர் முதற்கொண்டு வாசிப்பதை நிறுத்திவிட்டு வழி விட்டார். மேலே போய் இறக்கியதும் ஒரு கிழவர், “பாவம், எப்படி இருந்த புள்ள” என்று அவன் தலையைத் தடவினார். அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்காமல் வந்தவன், அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தினமும் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது கஸ்தூரி அவன் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். உடனே இவன் சீறுவான்.

“தூக்காதடி!”

“தூக்கலைங்க. புடிச்சுனுதான் இருக்கேன். நீங்களே வாங்க.”

தூக்குவது அவள்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாள்கூட அவள் அந்த வார்த்தையை மாற்றிச் சொன்னதில்லை. இரண்டரை வருடம், தினமும் இரண்டு வேளை, புடிச்சுனுதான் இருக்கேன்.

கோடை விடுமுறை வந்தது. வகுப்பில் எல்லோரும் எங்கெங்கேயோ போகிறார்களாம், நாமும் ஏதாவது ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று தென்றல்தான் ஆரம்பித்தாள். ஏரி என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சகாதேவன் அந்தக் காலத்தில் தண்ணீரில் விழுந்தால் மீன். ஊர் ஏரி நிரம்பினால் இந்தக் கரையில் முழுகி நடு ஏரியில் தலையைக் காட்டுவான். வேலூர் டாக்டர்கூடச் சொல்லி அனுப்பினார், “தண்ணியில எறங்குங்க, தண்ணியில உங்களுக்குக் காலே வேணாம், கை போதும்” என்று. அப்பா நீந்துவதை மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. கஸ்தூரியோ டாக்டர் சொன்னதை அன்றைக்கே முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டவள்.

“நீயும் பாப்பாவும் உன் தம்பி குமரேசனோட போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கிறேன்” என்று முதலில் தட்டிக் கழித்தான். மகள் விடவில்லை. அப்போது ஒரு நிபந்தனை போட்டான்.

“சரி, வரேன். ஆனா ஒருத்தரும் என்னைத் தூக்கக் கூடாது. வேனை விட்டு எறங்குனா, தண்ணிக்குள்ள போற வரைக்கும் என் சக்கரத்துலயே நான் போவணும். அப்படி ஒரு எடம் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா ஆள வுட்டுடுங்க.”

இதைச் சொல்லும்போது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்படியோர் இடம் உலகத்தில் கிடையாது என்று நினைத்துத்தான் சொன்னான். ஏரிக்கரை என்றால் கரை செங்குத்தாக இருக்கும், கல் பதித்திருக்கும். கேம்ப் வைத்திருக்கிறவன் அழகுக்குப் படி கட்டியிருப்பான். எங்கே போய்ச் சக்கரத்தை உருட்டுவது?

கஸ்தூரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான். அவள் சரிங்க என்று சொன்னால் பயப்பட வேண்டும் என்பது கல்யாணமாகிப் பதினான்கு வருடமாகியும் இவனுக்கு உறைக்கவில்லை.

முதலில் களத்தில் இறங்கியவன் குமரேசன். கஸ்தூரியின் தம்பி. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவன். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மலை அடிவாரத்தில் ஏரி, கரை தளும்பத் தண்ணீர், அதில் ஒரு மஞ்சள் படகு. “மாமா, சூப்பர் எடம். நம்ம வீட்டுலேந்து ஒரு மணி நேரம்தான். நானே நேர்ல போய் அட்வான்ஸ் குடுத்துட்டு வரேன்” என்று கிளம்பினான்.

மத்தியானம் தொங்கிய முகத்தோடு வந்தான்.

“இன்னாடா ஆச்சு?”

“ஏரிக்குள்ள கிரிக்கெட் ஆடினு இருக்கானுங்க மாமா.”

“படகு?”

“படகு அங்கதான் கெடக்குது. அதுக்குப் பக்கத்துலதான் ஸ்டம்ப்பு நட்டிருக்கானுங்க.”

சகாதேவன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. நம் ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவன், கார்த்திகையில் எடுத்த ஏரிப் படத்தைச் சித்திரையில் நம்பிக்கொண்டு போகலாமா? கத்திரி வெயிலில் எந்த ஏரியில் தண்ணீர் நிற்கும்? “மழ வந்தா ஃபுல் ஆயிடும்னு மேனேஜர் சொல்றான் மாமா” என்று குமரேசன் சொன்னதும் தென்றலும் சேர்ந்துகொண்டாள். அந்த வீட்டில் சகாதேவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, “நீ ஓட்டுற வேலைய மட்டும் பாரு. எடத்த நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

அப்புறம்தான் இந்த மாட்டு விசாரணை. ஏலகிரிப் பக்கம், ஏற்காடு பக்கம், ஓசூர்ப் பக்கம் என்று கேம்ப்புகளாகத் தேடி எடுத்தாள். ஒருத்தன் அறுபது படி கட்டி விளக்குப் போட்டிருப்பதைப் பெருமையாகச் சொன்னான். அடி. இன்னொருத்தன் தண்ணீருக்கு மேலே மரத்தில் மேடை கட்டியிருக்கிறானாம், அதிலிருந்து காலைத் தொங்கவிட்டு உட்காரலாமாம். அடி. மாடு வருமா என்று கேட்டதும் எல்லோருக்கும் ஒரே பதற்றம். சாணி நாற்றத்தைப் பற்றிப் புகார் பண்ணப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, மாட்டின் நிழல்கூட எங்கள் ஏரியில் விழாது என்று சத்தியம் பண்ணினார்கள். பண்ணிய அத்தனை பேரையும் தென்றல் அடித்தாள்.

ஆறாவதாக எடுத்தவர் பெயர் ராமகிருஷ்ணன். ஜவ்வாது மலையில் மேல்நெல்லி என்று ஒரு ஊர். அங்கே ஏரியை ஒட்டிய தன் நிலத்தில் ஐந்து கூடாரம் போட்டு அவர் கேம்ப் நடத்துகிறார். கஸ்தூரி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“சித்திரையில தண்ணி இருக்குமா?”

“ஊத்துத் தண்ணி கலந்த ஏரிங்க. கொறையும், வத்தாது. இப்பகூட முக்கா ஏரி நிக்குது.”

“மாடு எறங்குதுங்களா?”

“இல்லீங்க, மாடெல்லாம் வராதுங்க.”

“அய்யய்யோ, வராதா?” கஸ்தூரியின் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமினார்கள். “அது வந்துங்க, பொய் சொல்லக் கூடாது. வருதுங்க. மூணு ஊரு மாடு வருது. எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேன்றாங்க. ரொம்ப வருசமா அதான் தொறைன்றாங்க. காலையில எட்டு மணிக்கு வரும், பத்து மணிக்கெல்லாம் ஓட்டினு போயிடுவாங்க. சாணிய நாங்களே அள்ளிடுவோம்ங்க.”

“பசுவா, எருமையா?”

“பசுதாங்க. எரும இங்க கம்மி.”

“கன்னுக்குட்டி எறங்குதா?”

“எறங்குதுங்க. ஒரு மாசத்துக் கன்னுக்குட்டிகூட ஆத்தா பின்னாடியே தானா எறங்கித் தண்ணி குடிக்குது. ஏங்க மேடம், நீங்க வெட்னரி டாக்டருங்களா?”

“இல்லீங்க. ரெண்டு நாளைக்கு எழுதிக்குங்க. மூணு பெரியவங்க, ஒரு பொண்ணு.”

“மேடம், அந்தச் சாணி...”

“சாணி கெடக்கட்டும்ங்க! அள்ளாட்டியும் பரவால்ல.”

தென்றல் நோட்டில் மாட்டுக் கட்டத்தில் ‘உண்டு’ என்று பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். சகாதேவன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“இப்பவாவது சொல்லித் தொலையேண்டி. மாட்டுக்கும் டூருக்கும் இன்னா சம்பந்தம்?”

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்க நாக்காலிக்கும் மாட்டுக்கும்தாங்க சம்பந்தம். மாடு படியில எறங்காது. செங்குத்தா எறங்காது. கல்லு பதிச்ச கரையில காலே வைக்காது. சரிவா, அகலமா, காலுக்குக் கெட்டியா இருக்குற எடமாப் பாத்துதான் தண்ணிக்கு எறங்கும். வருசக்கணக்கா நூறு மாடு எறங்குன எடம்னா மண்ணு இறுகி ரோடு மாதிரி ஆயிருக்கும். மாடு எறங்குற எடத்துல சக்கரம் எறங்காதா?”

“எருமை?”

“எருமை சேறு இருந்தாத்தான் குஷியா எறங்கும். அதுல போனா உங்க சக்கரம் மாட்டிக்கும். அப்புறம் தூக்கணும்.”

சகாதேவன் தன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். அடேயப்பா! மோட்டாரைப் பிரித்து மேய்கிறவன் அவன். ஊரில் பெரிய மூளைக்காரன் என்று பெயர். தண்ணீருக்குள் சக்கரம் போகிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவனுக்குத் தோன்றவில்லையே! அவன் இல்லவே இல்லை என்று நினைத்து வைத்த இடத்தை, இவள் போனில் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். கேம்ப் நடத்துகிறவர்கள் எதையெல்லாம் குறை என்று மறைத்தார்களோ அதையே தேடிப் பிடித்திருக்கிறாள். இவளை எனக்கா கட்டி வைத்தார்கள் என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொன்னது, “போன்ல ஆயிரம் சொல்லுவான். ஏரியில கிரிக்கெட் ஆடுறானுங்களோ இன்னாவோ” என்பதுதான்.

“அதையும் பாத்துட்டா போச்சு” என்றாள்.

பார்த்துவிட்டும் வந்தாள். மறுநாள் நான்கு மணிக்கே கறந்து ஊற்றிவிட்டு, போளூர் போய் மலைக்குப் போகிற பஸ் பிடித்து, தனியாகப் போய், சாயங்காலக் கறவைக்கு வீட்டில் இருந்தாள். புடவை ஓரம் செம்மண். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு கேரி பேக்கை அவிழ்த்து, அதிலிருந்த மண்ணை ஒரு கை அள்ளி அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

“அமுக்கிப் பாருங்க. தொறையில தண்ணி ஓரமாத் தோண்டி எடுத்தது.”

அமுக்கினான். கரகரவென்று பருமணல், நடுவில் பொடிக்கல். பிசுபிசுப்பு இல்லை, களிமண் இல்லை. விரல் விட்டால் உள்ளே போகாமல் நிற்கிற மண். அவன் மூடிய கையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

“கரையிலேந்து தண்ணிக்கு நாப்பத்திரண்டு தப்படி. டாய்லெட்டுக்கு ஒரே ஒரு படி, அதுக்குப் பலக போட்டுத் தரேன்னுட்டாரு. தண்ணிக்குள்ளயும் அதே சரிவுதான் போவுது.”

“தண்ணிக்குள்ள நீ எறங்கிப் பாத்தியா?”

“கணுக்கால் வரைக்கும். அதுக்கு மேல எனக்கு ஒதறுது, உங்களுக்குத் தெரியாதா? மீதிய ஒரு மாட்ட வுட்டுப் பாத்தேன். பத்து தப்படி போயும் அதுக்கு வயிறு நனையல.”

கஸ்தூரிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. சின்ன வயதில் கிணற்றில் விழுந்து எடுத்த பிள்ளை. குளத்தில் கால் நனைக்கக்கூட யோசிப்பாள். அப்படிப்பட்டவள் இரண்டு பஸ் மாறிப் போய் ஏரியை அளந்துவிட்டு வந்திருக்கிறாள். சகாதேவன் மண்ணை ஒரு டப்பாவில் போட்டு ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் காலையில் குமரேசனுக்கு அவனே போன் போட்டான். “மச்சான், கொட்டாயில என் பழைய இரும்புச் சக்கர நாக்காலி கெடக்குது. அத எடுத்துப் போடு. ரெண்டு பழைய மொபட்டு டயரும் வேணும்.” மூன்று நாள் முற்றத்தில் தட்டலும் முடுக்கலும்தான். அகலச் சக்கரம் போட்டு, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து முடித்தபோது, நாற்காலி மாட்டு வண்டிக்கும் மொபட்டுக்கும் பிறந்தது போல இருந்தது. தென்றல் அதற்கு ‘கன்னுக்குட்டி’ என்று பெயர் வைத்தாள்.

சித்திரைப் பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்து, குமரேசனின் வேன் ஒழிந்த பிறகு புறப்பட்டார்கள். மாடுகளைப் பக்கத்து வீட்டு ரேவதி பார்த்துக்கொண்டாள். மலை ஏற ஏறக் காற்றில் சூடு குறைந்தது. மேல்நெல்லி ஏரி நிஜமாகவே தண்ணீரோடு இருந்தது. ராமகிருஷ்ணன் ஐம்பது வயதுக்காரர், தோளில் துண்டு. வந்து இறங்கியதுமே கையைப் பிசைந்தார்.

“இன்னைக்கு மாடு கொஞ்சம் லேட்டுங்க. இன்னும் பத்து நிமிசத்துல ஓட்டிடுவாங்க.”

“நல்லதாப் போச்சு, எறங்குறத நாங்களும் பாக்கலாம்” என்றாள் கஸ்தூரி.

வேனிலிருந்து இரண்டு பலகையைச் சரிவாகப் போட்டார்கள். சகாதேவன் தானே உருட்டி இறங்கினான். யாரும் தொடவில்லை. எல்லோரும் நின்று மாடுகளைப் பார்த்தார்கள். சின்னச் சின்ன மலை மாடுகள், சரிவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், முட்டி அளவுத் தண்ணீரில் நின்று, அவசரமே இல்லாமல் குடித்தன. ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி நடுவில் நுழைந்து குடித்தது. வழுக்கவில்லை, புதையவில்லை. சகாதேவன் அதன் குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடுகள் போனதும் ராமகிருஷ்ணன் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். கஸ்தூரி வீட்டிலிருந்து கொண்டுவந்த மாட்டுக் கயிற்றை நாற்காலியின் பின்னால் கட்டி, குமரேசன் கையில் கொடுத்தாள். “தள்ளாத, இழுக்காத. வேகமாப் போனா மட்டும் புடி.”

சகாதேவன் சக்கரத்தில் கை வைத்தான். நாற்பத்திரண்டு தப்படி. பாதி தூரத்தில் ஒரு கல் தட்டி நின்றது. குமரேசன் முன்னால் ஓடி வரப் பார்த்தான். “நில்லுடா!” என்று கஸ்தூரி அதட்டினாள். சகாதேவன் கொஞ்சம் பின்னுக்கு வந்து, ஒடித்து, கல்லைச் சுற்றிக்கொண்டு போனான். முன் சக்கரம் தண்ணீரைத் தொட்டது. கால் நனைந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை. முழங்கால் நனைந்தது, அதுவும் தெரியவில்லை. இன்னும் உருட்டினான். இடுப்புக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியதும் சில்லென்று ஒரு கோடு வயிற்றைச் சுற்றி வந்தது. “ஹா!” என்று கத்திவிட்டான்.

“அப்பா, ஜில்லுனு இருக்குதா?”

“இருக்குதுடி! இருக்குது!”

நாற்காலியிலிருந்து அவன் முன்னால் சாய்ந்தான். அவ்வளவுதான், தண்ணீர் அவனை வாங்கிக்கொண்டது. மல்லாந்தான். செத்துக் கிடந்த கால்கள் இரண்டும் தாமாக மேலே வந்து மிதந்தன. கையை வீசினான், ஒன்று, இரண்டு, மூன்று. கரையில் தென்றல் குதித்துக் குதித்துக் கத்தினாள். “அப்பா நீந்துறாரு! மாமா, பாரு பாரு!” குமரேசன் கயிற்றைப் பிடித்தபடியே அழுதான். கயிற்றின் அந்த முனையில் நாற்காலி மட்டும்தான் இருந்தது.

சகாதேவன் திரும்பிப் பார்த்தபோது கஸ்தூரி கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். சிரிக்கவுமில்லை, அழவுமில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஏரியையும் இந்தச் சரிவையும் இந்த வயிற்றுச் சில்லிப்பையும் எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்கென்று கணுக்கால் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்தான். இன்னும் நான்கு வீச்சு போட்டான். அவளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் போட்டான்.

“போதுங்க! ரொம்பப் போவாதீங்க, திரும்புங்க!”

“ஒண்ணும் ஆவாதுடி!”

“சொன்னாக் கேளுங்க!” என்று அவள் ஓரடி வைத்தாள். அப்புறம் இன்னொன்று. கண் அவன்மேல் இருந்ததால், முட்டி நனைந்ததையும் இடுப்பு நனைந்ததையும் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. மாடு போகிற தூரத்தைத் தாண்டினாள். அதற்கப்பால் எந்த மாடும் போவதில்லை, அதற்குக் காரணம் இருந்தது. சரிவு அங்கே முடிந்து, தரை சட்டென்று கீழே போனது.

“அம்மா!” என்று தென்றல் அலறினாள்.

ஜாக்கெட் அவளை மேலே தள்ளியது, உண்மைதான். ஆனால் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு ஜாக்கெட்டை யார் நம்புவார்கள்? கையை அடித்தாள், தண்ணீரைக் குடித்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குமரேசன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அதற்கு முன்னால் சகாதேவன் வந்துவிட்டான். எத்தனை வீச்சு போட்டான் என்று அவனுக்கே தெரியாது. பின்பக்கமாக வந்து, அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். மற்றக் கையால் தண்ணீரைத் தள்ளினான். அவளுடைய முழுப் பாரமும் அவன்மேல் இருந்தது. இரண்டரை வருடமாக அவன் பாரத்தைச் சுமந்த உடம்பு அது.

“தூக்குங்க... அய்யோ, தூக்குங்க...” என்று அவள் இருமினாள்.

அவன் அவளுடைய காதோரம் சொன்னான்:

“தூக்கலடி. புடிச்சுனுதான் இருக்கேன். நீயே வா.”